வேலாயுதக் கங்காணிக்கு நான் சொன்ன இரங்கலுரை

ஓட்டுக் கேட்கப் போகிறவன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஓட்டுப் போடுகிறவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பது. இது ஒரு பெரிய விஷயமா என்று சிரிப்பீர்கள். நானும் அப்படிச் சிரித்தவன்தான். சட்டப் பரீட்சையில் சாட்சியம், உயில், அடமானம் என்று என்னென்னவோ கேட்டார்கள். எதிரே கிடக்கிற மனிதர் செத்துவிட்டாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே பெயிலாகி, ஏதாவது ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அப்போது நான் இலங்கை மலைநாட்டில், பதுளையில், புதிதாகக் கறுப்புக் கோட்டு மாட்டிய புரொக்டர்; வக்கீலுக்கு ஒரு படி கீழே. (தோட்டத்து ஜனங்களுக்குக் கோட்டுப் போட்ட எல்லாருமே வக்கீல்தான், நானும் மறுத்ததில்லை.) என் கோட்டு எப்போதும் பளபளவென்று இருக்கும். அதற்கு வேலை இல்லாததுதான் காரணம். கட்சிக்காரர் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒருவர் இருந்தார். அவருடைய ஆடு அடுத்த வீட்டுக் கீரைப்பாத்தியில் மேய்ந்துவிட்டது. நான் எழுந்து வாதாடிய பிறகு, அதுவரை சந்தேகத்தில் இருந்த நீதவானுக்கும் ஆட்டின் குற்றம் உறுதியாகிவிட்டது.

இந்த நிலையில் என்னைக் கைதூக்கிவிட வந்தவர் என் சீனியர் அருளப்பர். பதுளைக் கோர்ட்டில் அவர் தொண்டையைச் செருமினாலே எதிர்க்கட்சி சமாதானத்துக்கு வந்துவிடும் என்பார்கள். அந்த வருஷம் அவர் சட்டசபைத் தேர்தலுக்கு நின்றார். எங்களுக்கு ஒரு சங்கம் இருந்தது; எதிராளிக்கும் ஒரு சங்கம் இருந்தது. இரண்டு சங்கத்தாரின் கொள்கைகளும் ஒரே அச்சுக்கூடத்தில் அச்சானவை. பெயரை மாற்றிப் போட்டிருந்தால் நாங்களே கண்டுபிடித்திருக்க மாட்டோம். ஆனாலும் எதிர்ச்சங்கத்தான் ஒருவன் நடந்து வந்தால் நான் தெருவின் அந்தப் பக்கத்துக்கு மாறிவிடுவேன். அவ்வளவு கொள்கைப் பிடிப்பு.

அந்தக் காலத்தில் எல்லாருக்கும் ஓட்டு இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்து, கையில் கொஞ்சம் சொத்தோ வரும்படியோ உள்ளவர்களுக்குத்தான். தோட்டங்களில் அப்படிப்பட்டவர்கள் கங்காணிமார், கணக்கப்பிள்ளைமார், கடைக்காரர்கள். நமுனுகுல மலைப்பக்கத்துத் தோட்டங்களில் இவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு மனிதரின் வாயை. அவர்தான் கங்காணிமாருக்கெல்லாம் மேலே இருந்த வேலாயுதம் பெரியகங்காணி. அவர் யாருக்கு என்று சொல்கிறாரோ, அந்த மலையே அவருக்கு.

அருளப்பர் என்னைக் கூப்பிட்டு, வேலாயுதக் கங்காணியை நம் பக்கம் கொண்டுவந்தால் தன் ஆபீஸ் வாசலில் தொங்குகிற பலகையில் என் பெயரையும் எழுதுவதாகச் சொன்னார். என் வாழ்க்கையே அந்தப் பலகையில்தான் இருந்தது. ஏனென்றால் பண்டாரவளையில் நான் பெண் கேட்டிருந்த வீட்டில், "பலகையில பேரு வரட்டும், பெறகு பேசலாம்" என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். பெண்ணின் பெயர் திரேசா. கோயிலில் மூன்று தடவை பார்த்திருந்தேன். மூன்றாவது தடவை அவளும் பார்த்தாள்.

ஆக, வேலாயுதக் கங்காணியின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் எனக்குத் தொழில் உண்டு, திரேசா உண்டு. வராவிட்டால் ஆடுதான்.

மாசி மாதத்தில் ஒரு காலை, கோட்டை மாட்டிக்கொண்டு, கங்காணிக்குப் போட ஒரு செவ்வந்தி மாலையும் வாங்கிக்கொண்டு பசறைக்கு மாட்டுவண்டி ஏறினேன். பசறையில் காசிம் நானாவின் கடையில் இறங்கித் தேத்தண்ணி குடித்தேன். எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் என் கையில் இருந்த மாலையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னைக்குப் போவாதீங்க தம்பி" என்றார். "அங்க இன்னைக்கு யாரும் ஒங்களோட பேச மாட்டாங்க. நாளைக்குப் போங்க."

கடைக்காரர், தோட்டங்களோடு வருஷக்கணக்காகக் கொடுக்கல் வாங்கல் உள்ளவர், ஒரு காரணத்தோடுதானே சொல்வார் என்று சாதாரண மனிதன் யோசிப்பான். நான் அரசியல்வாதி அல்லவா? இவர் எதிர்ச்சங்கத்துக்காரர், நாளைக்குள் அவர்கள் ஆள் போய்க் கங்காணியை மடக்கிவிடுவான், அதற்காகத்தான் என்னைத் தடுக்கிறார் என்று உடனே புரிந்துகொண்டேன். "உங்கள் ஆலோசனைக்கு நன்றி" என்று மேடைத்தமிழில் சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். (காசிம் நானா எந்தச் சங்கத்திலும் இல்லை என்பது பின்னால் தெரிந்தது. அவருக்கு இரண்டு சங்கத்தின் மேலும் ஒரே அளவு வெறுப்பு.)

மலை ஏற ஏற மூட்டம் இறங்கியது. சுற்றி நின்ற தேயிலை மெல்ல மெல்ல அழிந்து, கடைசியில் பாதையும் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு வரிசைச் செடியும் மட்டும் மிஞ்சின. அந்த வயசில் எனக்கு மூட்டம் புதிதல்ல. ஆனால் அந்த அமைதி புதிது. கொழுந்து எடுக்கிற மலையில் எந்நேரமும் பேச்சும் சிரிப்பும் கங்காணியின் அதட்டலும் கேட்டுக்கொண்டே இருக்கும். அன்றைக்கு ஒரு சத்தம் இல்லை. பாதை ஓரத்தில் கொழுந்துக் கூடைகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கூடைகள் இருந்தன, ஆட்கள் இல்லை.

பிறகு தப்புப் பறையின் சத்தம் கேட்டது. காலையில் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுத்து வேலைக்குப் பிரிக்க, ஆட்களைக் கூப்பிட அடிக்கிற அடி அல்ல. ஒரு அடி விழும். அது மூட்டத்துக்குள் போய்க் கரைந்து, இனி வராது என்று நாம் நினைத்த பிறகு இன்னொரு அடி விழும். சாவு வீட்டு அடி என்று எனக்கே தெரிந்தது. வலப்பக்கம் கேட்கிறது என்று திரும்பினால் இடப்பக்கம் கேட்டது. நின்றால் நின்றது. நடந்தால் மறுபடி தொடங்கியது. (இப்போது யோசித்தால் என் காலணிச் சத்தம்தான் அதை மறைத்து மறைத்து விட்டிருக்க வேண்டும். அப்போது யோசிக்கிற நிலையில் இல்லை.)

எனக்கு முன்னால் ஒரு பெண் போவது தெரிந்தது. மஞ்சள் சேலை, இடுப்புக்குக் கீழே விரிந்து தொங்கிய முடி. அழுதுகொண்டே போனாள். உயிர் வந்தது எனக்கு. "அம்மா, பெரியகங்காணி வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். அவள் திரும்பவில்லை, நிற்கவுமில்லை. கையை மட்டும் நீட்டி மேலே காட்டினாள். கை நிறையக் கண்ணாடி வளையல். வளையலுக்கு மேலே, முழங்கை வரைக்கும், கருகருவென்று ரோமம்.

"என் ராசா, என்னய விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்று அவள் ஒப்பாரியை எடுத்தாள். அந்தக் குரல் என் குரலைவிடக் கட்டையாக இருந்தது.

திரும்பி ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. பலகை, பலகை என்று மனசு சொன்னது. மனிதனுக்கு அறிவு மட்டும் இருந்தால் இந்த மாதிரி நேரத்தில் தப்பிவிடலாம். ஆசையும் சேர்ந்து இருப்பதால்தான் மாட்டிக்கொள்கிறான். அந்தோனியாரை வேண்டிக்கொண்டு மேலே நடந்தேன்.

தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வாசல்களில் ஆண்கள் தலையில் வெள்ளைத் துண்டைப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தார்கள். வணக்கம் சொன்னேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை; எல்லாருடைய கண்ணும் என் மாலையைத் தொடர்ந்து வந்தது. லயத்தைத் தாண்டினால் பெரியகங்காணியின் தகரக் கூரை வீடு. வாசலில் பச்சை ஓலைப் பந்தல். பந்தலுக்குள் ஒரு பலகை. (நான் தேடி வந்த பலகை அதுவல்ல.) அதன் மேல் வேலாயுதக் கங்காணி கிடந்தார்.

அவரைக் கோர்ட்டில் பார்த்திருக்கிறேன், அடையாளத்தில் சந்தேகமே இல்லை. தலையிலிருந்து கால்வரை வெள்ளை. வாயும் மூக்கும் மெல்லிய மல் துணிக்குள் இருந்தன. தெரிந்த நெற்றியிலும் கன்னத்திலும் ரோஜா நிறத்தில் ஏதோ பூசி, மூடிய கண்களுக்கு மை தீட்டியிருந்தார்கள். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். தலைமாட்டில் அவருடைய மனைவி அங்கம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அது பொய் அழுகை இல்லை. எத்தனையோ சாவுவீடு பார்த்துவிட்டேன், அவ்வளவு பயந்து அழுத அழுகையை நான் வேறெங்கும் கேட்டதில்லை. காலடியில் ஐந்து வயசு இருக்கும், ஒரு சிறுமி, அந்தக் கட்டைவிரல்களைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். மகள் என்று புரிந்தது.

அங்கம்மாளின் தலையில் பூ இருந்தது, கழுத்தில் தாலி இருந்தது. இதெல்லாம் என் கண்ணில் பட்டது. புத்தியில் படவில்லை.

கட்டிப்போட்ட நாக்கை அவிழ்த்து, "எப்பம்மா ஆச்சு?" என்று கேட்டேன்.

"நேத்துங்கய்யா. எரிச்சுட்டாங்க."

நான் பலகையைப் பார்த்தேன். எரித்துவிட்டதாகச் சொன்ன மனிதர் முழுசாக, மல் துணிக்கு வெளியே நீட்டிய மீசை முறுக்கு உட்பட, என் எதிரே கிடந்தார். துக்கம் மண்டைக்கு ஏறிவிட்டது பாவம் என்று நினைத்துக்கொண்டு, மனசைத் தேற்றிக்கொள்ளும்படி ஏதோ சொன்னேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னை இரக்கத்தோடு பார்த்தாள்.

"கவலைப்படாதீங்கய்யா. பொழுது சாயுறதுக்குள்ள எந்திரிச்சிருவாரு. இருந்து பேசிட்டே போங்க."

சொல்லிவிட்டு மறுபடி மாரில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்த பெண்கள் ஒருவரும் அவளை ஆச்சரியமாகப் பார்க்கவில்லை. ஒருத்தி ஆமாம் என்று தலையாட்டினாள். நான் ஓரடி பின்வாங்கி மாலையை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

ஆனாலும் பாருங்கள், அந்தப் பயத்திலும் என்னுள் இருந்த அரசியல்வாதி சாகவில்லை. பெரியவர் போய்விட்டார் என்றால் மலை இனி யார் வாயைப் பார்க்கும்? அவருடைய தம்பி காத்தமுத்துக் கங்காணியின் வாயைத்தான். அவர் பந்தலின் ஓரத்தில், அண்ணனின் தலைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அந்த நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டது. தனியாகப் பேச வெளியே போக வழியில்லை. ஆகவே அங்கேயே, பிணத்தின் காதுக்கு ஒரு முழ தூரத்தில் நின்று, நான் என் தேர்தல் வேலையைத் தொடங்கினேன்.

என்ன சொன்னேன் என்று முழுதும் எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். அண்ணன் நல்லவர்தான், ஆனால் விவேகம் போதாது என்றேன். எதிர்ச்சங்கத்தார் பல்லைக் காட்டினால் மயங்கிவிடுவார் என்றேன். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் பேசிப் பெரியகங்காணி வேலையை உங்களுக்கே முடித்துத் தருவது என் பொறுப்பு, பத்திரமெல்லாம் நானே எழுதித் தருகிறேன் என்றேன். (அந்தத் துரையை நான் கண்ணால் கண்டதில்லை.) கடைசியாக, ஒரு விதத்தில் பார்த்தால் உங்கள் குடும்பத்துக்கு இது நல்லகாலம் என்றும் சொன்னேன்.

காத்தமுத்து புருவத்தை உயர்த்தினார், கண்ணைக் காட்டினார், தலையை ஆட்டினார். பேரத்தை ஏற்றுகிறார் என்று நினைத்தேன். அவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னார்:

"ஐயா, மெதுவா. அண்ணன் காதுல விழுந்துறப் போவுது."

நான் அன்போடு அவர் தோளைத் தட்டினேன். "இனிமே அவர் காதுல ஒண்ணும் விழாது, காத்தமுத்து."

சொல்லிக்கொண்டே பலகைப் பக்கம் பார்த்தேன். வாயின் மேல் கிடந்த மல் துணி லேசாக உள்ளே போய், மெல்ல வெளியே வந்தது.

காற்று, என்று எனக்கு நானே சொன்னேன். பந்தலில் ஓலை அசையவில்லை. மறுபடி உள்ளே போயிற்று. இந்தத் தடவை வெளியே வரும்போது வேகமாக வந்தது, கோபக்காரன் மூச்சு விடுகிற மாதிரி. யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு முகத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. காலடியில், அந்தக் குழந்தையின் கைக்குள், செத்தவருடைய கட்டைவிரல் மெதுவாக அசைந்து அவளுடைய உள்ளங்கையைச் சுரண்டியது. அவள் குனிந்துகொண்டு சத்தமில்லாமல் சிரித்தாள்.

இந்த மலையில் உயிரோடு இருப்பது நான் ஒருவன்தான் என்று எனக்கு அப்போது நிச்சயமாகத் தோன்றியது. கூடைக்காரர்கள், துண்டு போட்டவர்கள், ரோமக் கைக்காரி, காத்தமுத்து, எல்லாரும் எப்போதோ போய்ச் சேர்ந்தவர்கள். காசிம் நானா இதற்குத்தான் போகாதே என்றார். என் கை அப்போதும் காத்தமுத்துவின் பிடிக்குள் இருந்தது. அது ஜில்லென்று இருந்தது. (மழையில் நின்றவன் கை வேறு எப்படி இருக்கும்?)

தப்பு நின்றது. விபூதி பூசிய ஒரு கிழவர் செம்போடு வந்து பலகைக்குப் பக்கத்தில் நின்று என்னையே பார்த்தார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஏதோ எதிர்பார்க்கிறார்கள் என்று புரிந்தது. பயந்துபோன வக்கீல் ஒருவனுக்குத் தெரிந்த ஒரே காரியம் பேசுவதுதான். செவ்வந்தி மாலையை நீட்டிப் பிடித்து, எட்ட நின்றபடியே அவருடைய மார்பின் மேல் வீசினேன். பிறகு கோட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினேன்.

வேலாயுதக் கங்காணியார் மலையின் விளக்கு என்றேன், சமூகத்தின் தூண் என்றேன், அவரைப் போல் விவேகி இந்த ஊவா மாகாணத்திலேயே இல்லை என்றேன். காத்தமுத்து கண்ணை மூடிக்கொண்டார். பேச்சு ஓட ஓட எனக்கும் தைரியம் வந்தது. தைரியத்தோடு பலகை ஞாபகமும் வந்தது. உணர்ச்சி பொங்க, கங்காணியார் கண்மூடுவதற்கு முன்னால் இந்த எளியவனின் கையைப் பிடித்து, தம்முடைய மலை முழுவதும் அருளப்பருக்கே என்று சத்தியம் செய்து தந்தார் என்று முடித்தேன். கையைப் பிடித்தது எந்த இடத்தில், எப்போது என்றெல்லாம் நல்லவேளை யாரும் கேட்கவில்லை.

கிழவர் செம்பிலிருந்த தண்ணீரை வாரி அந்த முகத்தில் அடித்தார்.

வேலாயுதக் கங்காணி எழுந்து உட்கார்ந்தார். செவ்வந்தி மாலை மடியில் சரிந்தது. மை தீட்டிய கண்கள் திறந்தன. மனைவியைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார்.

அதன் பிறகு நான் எடுத்த ஓட்டத்தை அந்தத் தோட்டத்தில் இன்றும் பேசுகிறார்கள். பந்தல் காலைச் சாய்த்துக்கொண்டு, லயத்தைச் சுற்றி, தேயிலைக்குள் பாய்ந்து, செடி கோட்டைப் பிடித்து இழுக்க, செத்தவர்தான் பிடித்துவிட்டார் என்று கோட்டை அவரிடமே விட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த அத்தனை புனிதர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி, மழைத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் தலைகுப்புற விழுந்தேன். பின்னால் பந்தலில் தப்பு வேகமாக முழங்கியது. குலவைச் சத்தம் எழுந்தது. பிசாசுகள் கொண்டாடுகின்றன என்று நினைத்துக் காதைப் பொத்திக்கொண்டேன்.

என்னைக் கானிலிருந்து தூக்கி எடுத்தது அந்த ரோமக் கைகள்தான். அருகில் பார்த்தபோது மஞ்சள் சேலைக்காரியின் முகத்தில் ஒரு நாள் தாடி இருந்தது. "பயப்படாதீங்கய்யா, நாந்தான் ரதி" என்றார் அவர். தோட்டத்து ஸ்டோரில் கொழுந்து நிறுக்கிறவராம். அந்த நிலையில் அது எனக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை.

விஷயம் இதுதான். தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து. சிவன் மன்மதனை எரிப்பார், ரதி அழுவாள், பிறகு மன்மதன் உயிர்த்தெழுவான். மற்ற தோட்டங்களில் எப்படியோ, அந்தத் தோட்டத்தில் மன்மதன் வேஷம் கட்டியவர், சிவன் எரித்த நேரத்திலிருந்து எழுப்புகிற நேரம்வரை பிணமாகவே கிடக்க வேண்டும். பேசக்கூடாது, அசையக்கூடாது. சுற்றியிருப்பவர்களும் அவர் செத்தார் என்றே பேச வேண்டும். உயிரோடு இருக்கிறார் என்று யாராவது வாய்விட்டால் விரதம் கெட்டது. முந்தின மழைக்காலத்தில் மகள் காய்ச்சலில் கிடந்து பிழைத்ததற்காக வேலாயுதக் கங்காணி அந்த வருஷம் வேஷம் கட்டுவதாக நேர்ந்திருந்தார். நேர்த்தி கெட்டால் பிள்ளைக்கு ஆகாது. அங்கம்மாள் பயந்து அழுததும் அதற்காகத்தான்.

இதுகூடத் தெரியாதா என்று கேட்பீர்கள். என் தகப்பனார் உபதேசியார். மாசியில் கொட்டுச் சத்தம் கேட்டால் ஜன்னல்களைச் சாத்திவிட்டுச் செபமாலையை எடுத்துவிடுவார். செத்தவர் எழுந்திருப்பது எங்கள் வேதத்துக்கு மட்டுமே உரியது என்று நான் நம்பியிருந்தேன்.

ஆக, நான் அவருடைய காதுக்குப் பக்கத்தில் நின்று அவருக்கு விவேகம் இல்லை என்றபோதும், அவருடைய வேலையைத் தம்பிக்குக் கொடுத்தபோதும், அவர் செத்தது நல்லகாலம் என்றபோதும், அந்த மனிதர் மகளை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக் கிடந்திருக்கிறார். கிழவர் பூசாரி. நான் பேசி முடிக்கட்டும் என்றுதான் அவர் காத்திருந்தாராம். நல்ல நேரம் தாண்டிக்கொண்டிருந்ததாம்.

சேறு சொட்டச் சொட்ட என்னைக் கொண்டுபோய்க் கங்காணி முன்னால் நிறுத்தினார்கள். அவர் மகளை மடியில் வைத்துக்கொண்டு பால் குடித்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. வாயைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகக் கேட்டார்:

"வக்கீலையா, சட்டத்துல ஒரு சந்தேகம். செத்தவன் குடுத்த வாக்குச் செல்லுங்களா?"

"செல்லாதுங்க" என்றேன்.

"அப்ப விட்ருங்க."

அவ்வளவுதான். மலை எதிர்ச்சங்கத்துக்குப் போயிற்று. அருளப்பர் தோற்றார். என்னைக் கூப்பிட்டு, பலகை விஷயமாக ஒன்றும் சொல்லாமல், ஆட்டு வழக்கு அப்பீலுக்கு நாள் இருக்கிறதா என்று மட்டும் விசாரித்தார். கோர்ட்டு வராந்தாவில் நான் போனால், "ஐயா பக்கத்துல வராதீங்க, நாங்க இன்னும் சாவல" என்பார்கள். திரேசா வீட்டுக்குக் கதை எனக்கு முன்னாலேயே போய்விட்டது. அவளுடைய தகப்பனார் கதவைச் சாத்தினார். அவள்தான் சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து, பிறகு இந்த ஆளைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாளாம். பலகை வந்தது, மெதுவாக வந்தது, என் சொந்தப் பலகை. நானும் சங்கத்தில் செயலாளர் வரைக்கும் உயர்ந்தேன். ஆனால் எங்கள் வீட்டில் மத்தியானம் நான் கண்ணயர்ந்தால், திரேசா பிள்ளைகளை வாசலில் நிறுத்தி, "அப்பா காதுகிட்டப் போயி யாரும் ஓட்டுக் கேக்காதீங்க" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வேலாயுதக் கங்காணி அதன் பிறகு தம்முடைய எல்லா வழக்குக்கும் என்னிடம்தான் வந்தார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். என் முதுகுக்குப் பின்னால் என்ன பேசுவீர்கள் என்று எனக்குத் தெரியும், மற்ற வக்கீல்மார் பேசுவது தெரியாதே என்றார். எனக்கு அவர்மேல் உயிர். அந்தப் பகலை அவர் ஒருநாளும் சபையில் எடுத்து என்னைக் குத்தியதில்லை.

ஏழெட்டு வருஷம் கழித்து, ஒரு மழைக்காலத்தில், காத்தமுத்து என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். தலையில் வெள்ளைத் துண்டு. அண்ணன் போய்விட்டார் என்றார். மாரடைப்பு. கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்து கோட்டை எடுத்தேன். காத்தமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு தயங்கினார்.

"அண்ணன் எப்பவோ சொல்லி வச்சிருக்காருங்கய்யா. மொதல்ல வக்கீலையாவக் கூட்டியாந்து பேசச் சொல்லுங்க. அதுக்கும் எந்திரிக்கலைன்னா எடுத்துருங்கன்னு."

போனேன். அதே வாசல். இந்தத் தடவை அங்கம்மாளின் தலையில் பூ இல்லை. ஒருவரும் சிரிக்கவில்லை, ஆனால் என்னைக் கண்டதும் கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. கோட்டைப் பிடித்துக்கொள்ளவும் கை வரவில்லை. மலையின் விளக்கு, சமூகத்தின் தூண் என்ற எதுவும் வாயில் வரவில்லை. இவர் எனக்குப் பொறுத்ததை என் தகப்பனார்கூடப் பொறுத்திருக்க மாட்டார் என்று சொன்னேன். இவர் இல்லாமல் இனி இந்த மலைக்கு ஏறிவர எனக்கு வேலை இல்லை என்றேன். அதற்குமேல் அழுகை வந்துவிட்டது.

தூக்குகிறவர்கள் வரவில்லை. பூசாரியும் அசையவில்லை. அவருடைய மகள், இப்போது தாவணி போட்ட பெண், காலடியில் நின்றவள், தகப்பன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் என் கோட்டுக் கையைத் தொட்டாள்.

"இன்னொரு தடவை பேசிப் பாருங்கய்யா" என்றாள்.

பேசிப் பார்த்தேன்.